பேன் கணேசலிங்கம்

சேஷாத்ரி மெட்ராஸிலிருந்து சிட்னிக்குக் குடிவந்தபோது ஊறுகாய், அப்பளம், பிரஷர் குக்கர் ஆகியவற்றோடு ஒரு சீலிங் ஃபேனையும் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவில் ஃபேன் கிடைக்காது என்று அவருக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. 1979 ஜனவரி வெயிலில், ஹோம்புஷ் ஃப்ளாட்டில், அந்த ஃபேன் சுற்ற மாட்டேன் என்றது. அவர் யார் யாரிடமோ விசாரித்து ஒரு நம்பரைப் பிடித்துப் போன் செய்தார்.

"ஹலோ, ஃபேன் கணேசலிங்கம்தானே பேசறது?"

"ஓம். சொல்லுங்கோ" என்றது மறுமுனையில் ஒரு குரல்.

இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்கள்தான் அதிகம். அது வேடிக்கையும்தான். ஆனால் பெயருக்கு உரியவர் அதைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்தக் காலத்தில் சிட்னியில் தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தக் கொஞ்சப் பேரிலேயே இரண்டு கணேசலிங்கங்கள் இருந்தார்கள். ஒருவர் டொக்டர். இன்னொருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ரயில்வேயில் சிக்னல் மின்கம்பிகளைப் பார்க்கிற நம்மவர். கலியாணவீட்டிலோ கூட்டத்திலோ பெயர் அடிபட்டால், "எந்தக் கணேசலிங்கம்? டொக்டரோ?" என்று ஒருவர் கேட்பார். "இல்லை, மற்றவர்" என்று இன்னொருவர் சொல்வார். நாற்பது வயது மனிதருக்கு "மற்றவர்" என்பதுதான் பெயர். அவர் வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அந்த ஒரு சொல் அவரைத் தின்றுகொண்டிருந்தது. டொக்டர் கார் மாற்றினால் இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது ஒரு பாம்பு. 1974இல் தண்டவாள ஓரத்துச் சிக்னல் பெட்டி ஒன்றைத் திறந்தபோது உள்ளே, வயர்களின் சூட்டில், ஆறடி மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பு, ஒவ்வொரு செதிலிலும் மஞ்சள் பொட்டு. கூட வேலை செய்த வெள்ளைக்காரன் அதை நாய்க்குட்டிபோலத் தூக்கி இவர் கையில் கொடுத்தான். கடிக்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றி மெல்ல இறுக்கியது. தன்னை இப்படி யாரும் பிடித்துக்கொண்டதில்லை என்று கணேசலிங்கத்துக்குத் தோன்றியது.

முறைப்படி அனுமதிப் பத்திரம் எடுத்தார். பழைய அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே பல்பு எரியவிட்டு, உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்தார். மனைவி சத்தியபாமா ஒரு கிழமை பேசாமல் இருந்தாள். பிறகு, "உங்கட மற்றவளுக்குச் சாப்பாடு வைச்சாச்சோ?" என்று கேட்கத் தொடங்கினாள். அதுவே பாம்பின் பெயராகிவிட்டது. மற்றவருக்கு வாய்த்த மற்றவள்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளில் வீடு நிறைய ஆட்கள். டொக்டரே குடும்பத்தோடு வந்து, கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "எந்தக் கணேசலிங்கம்?" என்றால் இப்போது பதில், "பாம்புக் கணேசலிங்கம்." அந்தப் பெயரை அவர் புதுச்சட்டைபோல உடுத்துக்கொண்டு திரிந்தார்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. 1976 ஆடி மாதத்தில் மோகனதாஸ் வந்து சேர்ந்தான்.

மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவன். மாணவனாக வந்து, படித்து முடித்து இன்ஜினியராகி, மெரிலேண்ட்ஸில் வீடு எடுத்திருந்தான். வயது இருபத்தொன்பது. மனைவி புஷ்பவல்லி. அவன் ஒன்றல்ல, இரண்டு மலைப்பாம்புகள் வைத்திருந்தான், ஆணும் பெண்ணுமாய். கூடுகளைத் தானே வரைந்து, வெப்பம் தானாகக் கூடிக் குறையும்படி செய்திருந்தான். கணேசலிங்கம் மாதமொருமுறை போகிற பாம்பு வளர்ப்போர் சங்கத்தில், வெள்ளைக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். இரண்டு வருடமாக அவர்கள் இவரிடம் கேட்டதெல்லாம், "தேநீர் இன்னும் இருக்கிறதா?" என்பதுதான்.

இதில் பெரிய கொடுமை, மோகனதாஸ் நல்லவனாக இருந்தது.

"பசியாறியாச்சா அண்ணே?" என்று ஓடிவருவான். "நம்ம ஆளுங்கள்ல நீங்கதானே முதல்ல பாம்பு வளத்தது. உங்களப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்பான். திமிர் பிடித்தவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவனை வெறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலே வெறுக்க வேண்டியிருந்ததால் கணேசலிங்கத்துக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

தமிழ்க் கூட்டத்தில் ஒருநாள் யோகராணி என்ற பெண், இவருடைய முகத்துக்கு நேரேயே சொன்னாள். "மெரிலேண்ட்ஸ்ப் பெடியன்ர பாம்புகளைப் பாத்தனீங்களோ? அம்மாடி, என்ன வடிவு! அதுகள் முட்டையும் போடப்போகுதாம்."

அன்று வீட்டுக்குப் போய்ப் பாம்பின் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். மற்றவள் அழகுதான். ஆனால் தனியாள். தனியாள் எப்படி முட்டையிடும்? மோகனதாஸின் வீட்டில் முட்டை வருவதற்கு முன் இங்கே முட்டை வரவேண்டும். வேறு எதுவும் அவர் மனதில் நிற்கவில்லை.

வில்லாவுட்டில் ஒரு டச்சுக்காரன், குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்வதால், தன் ஆண் பாம்பை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறான் என்று கேள்விப்பட்டார். அதைக் கொண்டுவர நீளமான துணிப்பை வேண்டும். இவரிடம் இருந்தது பழைய தலையணை உறை. விஷயம் தெரிந்ததும் மோகனதாஸ் தானே ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தான். புஷ்பவல்லி கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தது. வாயில் நாடா, மூலையில் சிவப்பு நூலால் ஒரு சின்ன 'மோ'. பாம்பு கொண்டுபோகிற பையில்கூட இவன் என்னை மிஞ்சவேண்டுமா என்று நினைத்துக்கொண்டே கணேசலிங்கம் அதை வாங்கினார்.

"புதுசு வந்தா ஆறு வாரம் தனி ரூம்ல வச்சிருங்க அண்ணே. பேன் கீன் இருக்கும்" என்றான் மோகனதாஸ்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் இவர்.

அவருக்குத் தெரியும்தான். சங்கத்தின் சுவரிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். புதுப் பாம்பை ஆறு வாரம் ஒதுக்கிவை. ஒன்றைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடாதே. பேன் கண்டால் அன்றே எல்லாருக்கும் சொல். பாம்புப்பேன் கடுகைவிடச் சிறியது. செதில்களுக்கு அடியில் ஒளிந்து இரத்தம் குடிக்கும். இரத்தத்தோடு நிற்காது, ஒரு பாம்பின் நோயை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாய் அழுகும், நெஞ்சில் சளி கட்டும். துணியில் ஏறும், கையில் ஏறும், வீடு விட்டு வீடு போகும்.

ஆறு வாரம் காத்திருந்தால் இணைசேரும் பருவம் போய்விடும். மோகனதாஸ் முந்திவிடுவான். கணேசலிங்கம் ஆண் பாம்பை அன்றைக்கே மற்றவளின் கூட்டுக்குள் விட்டார்.

முட்டை வரவில்லை. பேன்தான் வந்தது. கார்த்திகையில் மற்றவள் எலியைத் திரும்பியும் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே கிடந்தாள். தொட்டியின் அடியில் மிளகுத்தூள் கொட்டினாற்போல் கறுப்புப் புள்ளிகள். விரலால் தொட்டபோது இரண்டு நகர்ந்தன.

சொல்லியிருக்க வேண்டும். சங்கத்தில் சொன்னால் ஆறு வாரம் வைத்தாயா என்று கேட்பார்கள். மோகனதாஸ் கேட்கவே மாட்டான். "பரவால்ல அண்ணே" என்று ஓடிவந்து, மருந்து போட்டு, கூடு கழுவி, உதவி செய்துவிட்டுப் போவான். அதை நினைக்கத்தான் இவருக்குப் பொறுக்கவில்லை. பூச்சி கொல்லும் மஞ்சள் பட்டையை வாங்கிக் கூட்டுக்குள் தொங்கவிட்டார். பாம்புகளுக்கு எண்ணெய் பூசினார். கூடு கழுவும்போதெல்லாம் பாம்புகளை மோகனதாஸின் பையில் போட்டுவைப்பார். மற்ற நேரங்களில் பை கூட்டின் கதவிலேயே தொங்கும். சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். சத்தியபாமாவிடம்கூட மூச்சு விடவில்லை. அவள் அந்த அறைப்பக்கம் வந்தாலும் கூட்டுக்குள் பார்ப்பதில்லை.

தை பிறந்து நாலைந்து நாளில் மோகனதாஸ் ஒரு டப்பா லட்டோடு வந்தான். வாசலிலேயே சிரிப்பு.

"அண்ணே, அக்கா! பதினாறு முட்டை! சுத்திப் படுத்துக்கிட்டு அடைகாக்குறா. நடுங்கி நடுங்கிச் சூடு குடுக்குறா அண்ணே. நீங்க வந்து பாக்கணும்."

கணேசலிங்கம் லட்டை வாயில் போட்டார். மண்ணைத் தின்றதுபோல இருந்தது. பதினாறு! இரண்டு பாம்பு, பதினாறு முட்டை, இன்ஜினியர் வேலை, வாய்நிறைய அண்ணே. வயிறு பற்றி எரிந்தது. அது அவருக்கே தெரிந்தது.

மோகனதாஸ் எழுந்தபோது சத்தியபாமா, "தம்பி, கொஞ்சம் நில்லும். உம்மட பை இஞ்சை கிடக்குது" என்று உள்ளே போனாள். அந்த அறையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு, அப்படியே பின்வளவுக்குப் போய் எலுமிச்சை மரத்திலிருந்து தேசிக்காய் பறித்து அதற்குள் போட்டுக்கொண்டு வந்தாள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுப்பது அவளுக்கு ஆகாது. ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"வெறும்பையாய்க் குடுக்கக் கூடாது தம்பி. புஷ்பவல்லியிட்டைக் குடும், ஊறுகாய் போடட்டும்."

கணேசலிங்கம் கதவோரம் நின்றார். பையின் வாயில், இரட்டைத் தையலுக்கு நடுவில், ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அது நகர்ந்து சிவப்பு 'மோ'வுக்குள் போய் மறைந்தது. அவர் கண்ணால் கண்டார். தேசிக்காயை இங்கேயே கொட்டிவிட்டு, "பையை எரிக்க வேணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"கவனமாய்ப் போயிட்டு வாரும்" என்றார்.

மாசியில் மோகனதாஸ் போன் செய்தான். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"அண்ணே, முட்டைய விட்டுட்டுத் தண்ணிக்குள்ளயே போயிப் போயிப் படுத்துக்குறா. முட்டை ஆறிப்போவுது. என்னான்னு வெளங்கல. உங்க அனுபவத்துல இப்படிப் பாத்திருக்கீங்களா?"

உங்கள் அனுபவத்தில்! கணேசலிங்கத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிடம் ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வெக்கை எண்டால் அப்பிடித்தான் தம்பி. ரெண்டு நாளிலை சரிவரும்."

முதல் முறை வாய் திறக்காமல் இருந்தார். இந்த முறை வாய் திறந்தே பொய் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நம்பி மோகனதாஸ் ஒரு கிழமை சும்மா இருந்தான். பேன் அவன் கண்ணில் பட்டபோது முட்டைகளில் பாதி கறுத்துவிட்டது. மிச்சத்தை, ஐஸ் போட்டுக் கொண்டுபோகிற ஒரு எஸ்கிப் பெட்டியில் வைத்துப் பல்பு போட்டான். அடைகாக்கிற பாம்பு இரண்டு மாதம் எதுவும் தின்னாது. ஏற்கெனவே எலும்பும் தோலுமாய்க் கிடந்ததன் இரத்தத்தைப் பேன் குடித்துவிட்டது. வாய் அழுகியது. மூச்சு விடும்போது நுரை கட்டியது. பங்குனி முதல் கிழமை அது செத்தது. பதினாறில் மூன்றுதான் குஞ்சு பொரித்தன.

இதெல்லாம் கணேசலிங்கத்துக்குப் போனில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. இங்கே டச்சுக்காரனின் ஆண் பாம்பும் செத்திருந்தது. மற்றவள் மட்டும் கொஞ்சம் தேறியிருந்தாள். ஆனால் பேன் முழுதாய் ஒழியவில்லை. அவர் சாப்பிடப் பிடிக்காமல் மெலிந்தார். சத்தியபாமா டொக்டரிடம் போகச் சொன்னாள். எந்த டொக்டரிடம் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மோகனதாஸ் வந்தான். கையில் அந்தப் பை. வெளுத்துப்போயிருந்தது. 'மோ' மங்கி, ரோசா நிறமாகியிருந்தது.

"கொதிக்கிற தண்ணியில ரெண்டு வாட்டி அவிச்சாச்சுண்ணே. சுத்தம்" என்றான். "உள்ள ரெண்டு குஞ்சு இருக்கு. இப்பத்தான் கார்ல வச்சு இந்தப் பைக்கு மாத்தினேன். என் வீடே நோய் வீடாயிருச்சு. ஒண்ண வச்சு நான் பாத்துக்குறேன், மூணையும் வச்சிருந்தா மூணும் போயிரும். உங்க வீடுதான் நல்ல வீடு. நீங்களே வளங்க. திருப்பித் தரவேணாம், உங்களுக்குத்தான்."

பிறகு குசினி வாசலில் தேநீரோடு நின்ற சத்தியபாமாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "வெறும் பையாக் குடுக்கக்கூடாதுன்னு அக்கா சொல்லிக் குடுத்தாங்களே."

கணேசலிங்கத்தின் கை தானாக நீண்டது. துணிக்குள்ளே பென்சில் பருமனில் ஏதோ அசைந்தது. சிட்னியில் ஒரு தமிழன் வீட்டில் பொரித்த குஞ்சுகள். ஆட்கள் வருவார்கள். டொக்டர் வருவார். பாம்புக் கணேசலிங்கம் பழையபடி பாம்புக் கணேசலிங்கம் ஆவார். எட்டு மாதமாக எதற்காக வயிறெரிந்தாரோ அது கைக்கு வந்துவிட்டது. வாங்கி உள்ளே வைத்தால் ஒரு மாதத்தில் இதுகளும் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"உள்ளுக்குக் கொண்டுவராதையும் தம்பி. இஞ்சை பேன் இருக்கு."

"இங்கயுமா? ஐயோ. எப்ப இருந்துண்ணே?"

மோகனதாஸ் அப்பாவியாய்த்தான் கேட்டான். கணேசலிங்கம் தரையைப் பார்த்தார்.

"தேசிக்காய் வரமுதல்" என்றார். "எனக்குத் தெரியும். பையிலை ஊரினதையும் கண்டனான். நீர் போன் எடுக்கேக்கையும் எனக்குத் தெரியும். எனக்கு எரிச்சல் தம்பி. உம்மிலை சரியான எரிச்சல்."

மோகனதாஸ் பையின் நாடாவை இறுக்கிக் கட்டினான். கட்டியதையே இன்னொரு முறை கட்டினான். பிறகு கையில் பையை ஏந்தியபடி படியிறங்கிக் காருக்குப் போனான்.

தேநீர்க் கோப்பை மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

"தேசிக்காய் கட்டிக் குடுத்தது என்ர கை" என்றாள் சத்தியபாமா. "நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். என்ர கையாலை அனுப்பிப்போட்டியள்."

பாம்புக்கு நடந்ததைவிட இதைத்தான் அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அடுத்த கிழமை கணேசலிங்கம் சங்கத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்து, மற்றவளையும் அவர்களிடமே ஒப்படைத்தார். அங்கே அவள் முழுதாகத் தேறி நன்றாக இருந்தாள்.

சித்திரை வருடப்பிறப்புக்குத் தமிழர்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். மெட்ராஸிலிருந்து புதிதாக வந்த விமலாவுக்கு யோகராணி ஆட்களை அறிமுகம் செய்தாள். "இவர்தான் பாம்புக் கணேசலிங்கம்" என்றாள்.

"பாம்பெல்லாம் போச்சுது" என்றாள் சத்தியபாமா, வடைத்தட்டை நீட்டிக்கொண்டே. "இப்ப இவர் பேன் கணேசலிங்கம்."

விமலாவின் முகம் மலர்ந்தது. "ஓ, ஃபேனெல்லாம் ரிப்பேர் பண்ணுவாரா? எங்காத்துல ஒண்ணு ஓடமாட்டேங்கறது."

சத்தியபாமா கணவனைப் பார்த்தாள். அறை முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. கணேசலிங்கம் தலையாட்டினார்.

"ஓம், செய்வன்" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் பெயர். யாழ்ப்பாணத்தார் ஃபான் என்பார்கள், அவர்களுக்குப் பேன் தலையில்தான் ஊரும். "இந்தியாக்காரர் ஃபானை அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று அவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கணேசலிங்கம் வீடு வீடாகப் போய் ஃபேன் திருத்தினார். கூலி வாங்குவதில்லை. டொக்டர் வீட்டில்கூட ஒன்று திருத்தினார். இப்போது எந்தக் கணேசலிங்கம் என்று யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

சேஷாத்ரியின் ஃபேனில் ஒரு கெப்பாசிட்டர் போயிருந்தது. அரை மணி நேரத்தில் அது கடகடவென்று சுற்றத் தொடங்கியது. சேஷாத்ரி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காற்றுக்கு நேரே உட்கார்ந்தார்.

"உங்க நம்பரை மோகனதாஸ்கிட்டதான் சார் வாங்கினேன். மெரிலேண்ட்ஸ்ல இருக்காரே, இன்ஜினியர். 'ஃபேன் கணேசலிங்கம் நம்பர் வேணும்'னேன். 'கணேசலிங்கம் அண்ணே நம்பரா?'ன்னு என்னைத் திருத்தறார்! உங்க மேல அவ்ளோ மரியாதை."

கணேசலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு கேட்டேன். தெரியாதுன்னுட்டார்."

"தெரியாது எண்டோ சொன்னவர்?"

"ஆமா. ஏன், தெரியுமா அவருக்கு?"

கணேசலிங்கம் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். ஃபேன் மெல்ல மெல்ல நின்றது.

"இந்தச் சத்தத்துக்கை கேக்காது" என்றார். "இருங்கோ, நான் சொல்லுறன். அது இந்தப் பேன் இல்லை."